சாவி யாரிடம் இருக்கிறது? – விஞ்ஞான நூலகமும் நமது பிள்ளைகளும்

சற்று நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். இம்முறை பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவிருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் கட்டாயம் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

சென்ற வாரம் ஒரு வாப்பா தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். மகளுக்கு விஞ்ஞான பீடம் கிடைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் அவள்தான். விடுதி கிடைக்குமா, என்ன லெப்டொப் வாங்குவது, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர பஸ் இருக்குமா என்று வாப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னோம். பிறகு நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம்.

"மகள், நூலகத்தைப் பாவிக்கத் தெரியுமா?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. வாப்பா சிரித்தார். "லைப்ரரிக்குள்ள போய் புத்தகம் எடுக்கிறதுக்கும் ஒரு படிப்பா சேர்?"

எங்களால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் முப்பது வருடங்களுக்கு முன்னர் நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் விஞ்ஞான பீடத்துக்கு இந்தக் கரையோரத்திலிருந்து சிலராகச் சென்றோம். எங்கள் பாடசாலையில் நூலகம் என்றால் அது ஒரு கண்ணாடி அலுமாரி. அதன் சாவி ஒருவரின் மேசை லாச்சிக்குள் இருக்கும். கேட்டால், "பிள்ளைகள் எடுத்தால் பழுதாகிவிடும்" என்பார்கள். புத்தகங்கள் பழுதாகவில்லைதான், ஆனால் அவற்றை ஒருவரும் வாசிக்கவுமில்லை. ரியூசன் கொப்பிகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்துத்தான் உயர்தரம் சித்தியடைந்தோம்.

அங்கே போனால் மூன்று பக்கமும் இராக்கைகள், நடுவில் சின்னச் சின்ன லாச்சிகள் கொண்ட மரப் பெட்டகம். அந்த லாச்சிகளுக்குள் பட்டியல் அட்டைகள். நூலாசிரியர் பெயருக்கு ஒரு வரிசை, தலைப்புக்கு ஒரு வரிசை, பொருளுக்கு ஒரு வரிசை. அது எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விரிவுரையாளர் சொன்ன புத்தகத்தை இராக்கையில் கண்ணால் தேடுவோம். காணாவிட்டால் "இல்லை" என்று வந்துவிடுவோம். சீனியர்மார் எடுக்கும் 'குப்பி' வகுப்பையும் அவர்களது பழைய நோட்ஸையும் நம்பியே முதல் தவணை போனது. பெறுபேறு எப்படியிருந்தது என்று இங்கே எழுதாமல் விடுகிறோம். எங்களோடு வந்த ஒருவர் முதலாம் வருடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. எங்கள் எல்லோரையும் விடக் கணிதத்தில் மேலாக இருந்தவர்.

இரண்டாம் தவணையில் ஒருநாள், கருமபீடத்தில் இருந்த வயதான சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, அரைகுறைத் தமிழில் விளக்கினார். லெண்டிங் புத்தகத்தைச் சில நாட்களுக்கு அறைக்குக் கொண்டுபோகலாம். ஸ்கெடியூல் ரெஃபரன்ஸ் புத்தகத்தைப் பின்னேரம் எடுத்து, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெர்மனன்ட் ரெஃபரன்ஸ் புத்தகத்தை அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். நாங்கள் ஒரு தவணை முழுக்க "இல்லை" என்று சொல்லித் திரிந்த புத்தகம், கருமபீடத்துக்குப் பின்னால் ஸ்கெடியூல் ரெஃபரன்ஸில் இருந்தது. "தம்பி கேக்க இல்ல தானே" என்றார் அவர். உண்மைதான், நாங்கள் கேட்கவேயில்லை.

இந்தக் கதையை எங்கள் தலைமுறையின் வெட்கமாக மட்டும் பார்க்கக் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் தூரத்து வரலாற்றிலிருந்து தொடங்குவோம். பக்தாதில் புத்தகத் தொழிலில் இருந்த இப்னு நதீம், கி.பி. 987இல் 'அல்-பிஹ்ரிஸ்த்' என்ற நூலை எழுதினார். அந்தப் பெயருக்கே அட்டவணை என்றுதான் பொருள். அரபு மொழியில் தான் அறிந்த நூல்களையெல்லாம் பத்துப் பிரிவுகளாக வகுத்து, யார் எழுதியது, யார் மொழிபெயர்த்தது என்று குறித்துவைத்தார். கிரேக்கக் கணித, மருத்துவ நூல்கள் யார் கைபட்டு அரபுக்கு வந்தன என்பதை இன்றும் ஆய்வாளர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். கி.பி. 1005இல் கெய்ரோவில் பாத்திமிய கலீபா அல்-ஹாக்கிம் 'தாருல் இல்ம்' என்ற அறிவு இல்லத்தைத் திறந்தார். அரண்மனை நூல்கள் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டன. வருகிறவர்கள் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம். அதற்கு மையும் காகிதமும் எழுதுகோலும் அங்கேயே கொடுக்கப்பட்டன. உயர்தரப் பௌதிகவியலில் ஒளியியல் படிக்கும் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய இப்னுல் ஹைதம் அதே காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தவர்.

பழம்பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. அட்டவணை போடுவது, வாசகருக்குக் கதவைத் திறந்துவிடுவது, பிரதி எடுக்க வசதி கொடுப்பது ஆகிய மூன்று சேவைகளும் ஆயிரம் வருடப் பழக்கம் என்று சொல்லத்தான் எழுதுகிறோம். அலுமாரியைப் பூட்டிச் சாவியை லாச்சிக்குள் வைப்பதை நாம் எங்கே கற்றுக்கொண்டோம் என்று நம்மையே கேட்க வேண்டியிருக்கிறது.

இன்றைய விஞ்ஞான நூலகத்தின் அமைப்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானது. 1665இல் லண்டனில் றோயல் சொசைட்டியின் ஆய்வேடு வெளிவரத் தொடங்கியது. அதன் பிறகு விஞ்ஞானிகள் தமது கண்டுபிடிப்பைப் புத்தகமாக எழுதும்வரை காத்திருக்காமல், ஆய்வேட்டில் கட்டுரையாக வெளியிடும் வழக்கம் வளர்ந்தது. விஞ்ஞான நூலகத்தின் உயிர் ஆய்வேடுகளில் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான். பாடப்புத்தகம் முடிந்துபோன விடயத்தைச் சொல்லும். ஆய்வேடு இன்னும் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும். 1876இல் மெல்வில் டூயி தனது தசமப் பகுப்பை வெளியிட்டார். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கம் அதுதான். 500 விஞ்ஞானம், 510 கணிதம், 530 பௌதிகவியல், 540 இரசாயனவியல், 570 உயிரியல், 580 தாவரம், 590 விலங்கு. ஒளியியல் வேண்டுமா, 535க்குப் போங்கள். இந்த இலக்கங்களை மனப்பாடம் செய்ய ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். எங்களுக்கு அதை யாரும் சொல்லித் தராததால் ஒரு தவணை போனது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்வி நிறுவனம் தொடங்கியது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அங்கே படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை எழுதினார்கள். 1942 ஜூலை 1இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தர். அன்று விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் கொழும்பில் தங்க வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், கையில் காசிருக்க வேண்டும். கிழக்கின் வயல் காணிக்காரரின் பிள்ளைக்கும் மீன்பிடிகாரரின் பிள்ளைக்கும் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

அதே 1942இல்தான் ஏ. எம். ஏ. அஸீஸ் யுத்தகால உணவு உற்பத்திக்குப் பொறுப்பான உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். கெட்டித்தனம் இருந்தும் வசதியில்லாமல் நின்றுபோகும் பிள்ளைகளின் நிலை அவரை விடவில்லை. 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்குவதில் முன்நின்றார். பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்தார். நமது சமூகத்திலிருந்து பல்கலைக்கழக நூலக மேசைக்குப் போய் உட்கார்ந்த ஒரு தலைமுறைக்குப் பின்னால் அவரது உழைப்பு இருக்கிறது.

1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு நகரத் தொடங்கியது. விஞ்ஞான பீடம் கொழும்பிலேயே நின்றது. பேராதனையில் விஞ்ஞானம் கற்பிக்க 1961 ஆனது. அந்தக் காலத்தில்தான் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்தது. பாடசாலைகளில் விஞ்ஞானமும் தாய்மொழிக்கு வந்தது. இது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, மறுக்க முடியாது. ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளையும் இரசாயனவியல் படிக்கலாம் என்றானது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. ஆனால் பல்கலைக்கழக விஞ்ஞானம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நின்றது, நூலகமும் அப்படியே.

இங்கேதான் இரண்டாவது பூட்டு விழுந்தது. நாங்கள் 'நொதியம்' என்று படித்தோம். பட்டியல் அட்டையில் அது 'என்சைம்'. நாங்கள் 'உந்தம்' என்றோம், புத்தகம் 'மொமென்டம்' என்றது. 'கூர்ப்பு' என்று தேடினால் 'எவலூஷன்' எங்கே கிடைக்கும்? விடயம் மண்டைக்குள் இருக்கும், ஆனால் அதைத் தேடும் சொல் கையில் இராது. இன்று அட்டைக்குப் பதில் கணினிப் பட்டியல் வந்துவிட்டது, ஆனாலும் பிரச்சினை மாறவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திரையில் ஒன்றும் வராமல் போகலாம். பிள்ளை "இல்லை" என்று திரும்பிவிடும், நாங்கள் திரும்பியது போலவே.

தூரப் பிரச்சினைக்கு வருவோம். யாழ்ப்பாண வளாகம் 1974இல் திறந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமும்தான் அதன் முதல் பீடங்கள். அது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ஒரு நூலகம் திறக்க எத்தனை வருடங்கள் செல்லும், அழிய ஓரிரவு போதும் என்பதை இந்த நாடு அந்த வருடத்தில் பார்த்தது.

பிறகு யுத்தம். கிழக்கின் பாதைகள் மூடின. தென்கிழக்குப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாத நிலை வந்தது. அந்த நெருக்கடிக்குள்தான் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. 1996இல் அது முழுப் பல்கலைக்கழகமாகியது. தலைமை வளாகம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அஸீஸ் அவர்கள் கல்முனைக்கு வந்தபோது விஞ்ஞான நூலகத்துக்கு நமது பிள்ளை கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சம்மாந்துறைப் பிள்ளை சைக்கிளில் போகலாம். ஐம்பது சொச்ச வருடங்களில் நடந்த இந்த மாற்றத்தின் பெறுமதியை நாம் உணர்ந்திருக்கிறோமா?

கட்டிடம் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் பாவிக்கும் பழக்கம் வரவில்லையென்றால், அந்தக் கண்ணாடி அலுமாரியைத்தான் பெரிதாகக் கட்டிவைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளை போனாலும், விஞ்ஞான நூலகத்தில் என்ன இருக்கும், என்ன கேட்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, பாடப்புத்தகம். ஒரே புத்தகத்தின் பிரதிகள் லெண்டிங், ரெஃபரன்ஸ் என்று வெவ்வேறு இடங்களில் இருக்கக்கூடும். இராக்கையில் இல்லையென்றால் முதலில் கணினிப் பட்டியலைப் பாருங்கள், பிறகு கருமபீடத்தில் கேளுங்கள். அதே இலக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒருவர் சொல்லி விளங்காதது இன்னொருவர் சொல்லி விளங்கும்.

இரண்டாவது, உசாத்துணை நூல்கள். ஓர் உதாரணம். ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றி எழுதிய கைநூல் 1893இல் வெளிவரத் தொடங்கியது. 1896இல் அவர் மரணித்தார். மீதியை ஜோசப் ஹூக்கர் முடித்துவைக்க, 1900இல் ஐந்து பாகங்களும் நிறைவுற்றன. விஞ்ஞானப் பெயரோடு சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அதில் உண்டு. நமது உம்மம்மாமார் சொல்லும் மரப் பெயர், நூறு வருடங்களுக்கு முந்திய விஞ்ஞான நூலொன்றில் அச்சாகியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, விஞ்ஞானம் அந்நியமாகத் தெரியாது. பிற்காலத்தில் தசநாயக்கவும் பொஸ்பேர்க்கும் பதிப்பித்த திருத்திய தொகுதிகள் 1980 முதல் வந்தன. தாவரவியல் செய்யும் பிள்ளை இவற்றைத் தேடிப் பார்க்காமல் பட்டம் பெறக் கூடாது.

மூன்றாவது, ஆய்வேடுகள். இவற்றின் சந்தாவைத் தாங்குவது நம்மைப் போன்ற நாடுகளின் நூலகங்களுக்குக் கடினம். அதனால்தான் சர்வதேச உதவியுடன் 2002இல் மருத்துவத்துக்கு 'ஹினாரி'யும், 2003இல் விவசாயத்துக்கு 'அகோரா'வும் தொடங்கின. இன்று இவை 'ரிசேர்ச் ஃபோர் லைஃப்' என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. நமது நாட்டு ஆய்வேடுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். எந்தச் சேவையில் தமது பல்கலைக்கழகம் இணைந்திருக்கிறது, விடுதியிலிருந்தும் அதற்குள் போக முடியுமா என்று முதல் வாரமே நூலகரிடம் கேட்க வேண்டும். முதலாம் வருடப் பிள்ளை ஆராய்ச்சிக் கட்டுரையை நேரடியாகத் தொட்டால் பயந்துவிடும். ஒரு துறையில் நடந்தவற்றைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

நான்காவது, பழைய மாணவர்களின் ஆய்வறிக்கைகள். இறுதி வருடத்தில் செயற்திட்டம் செய்யும்போது, நமது களப்பு, நமது வயல், நமது கிணற்றுத் தண்ணீர் பற்றி முன்னர் யார் என்ன செய்தார் என்று பார்க்க இதைவிட நல்ல இடமில்லை.

ஐந்தாவது, இல்லாததைப் பெறும் வழி. ஒரு நூலகத்தில் இல்லாததை இன்னொரு நூலகத்திலிருந்து இரவலாகவோ பிரதியாகவோ தருவிக்கும் ஏற்பாடு நூலகங்களுக்கிடையே இருக்கிறது. கொழும்பில் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கும் ஒரு நூலகம் உண்டு. கேட்கிற பிள்ளைக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும்.

புதிய மாணவர்களுக்கு நூலகத்தை அறிமுகம் செய்யும் நிகழ்வு பொதுவாக முதல் வாரங்களில் நடக்கும். அன்று அறையில் தூங்காமல் போகச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் வெளியாரும் அனுமதி பெற்று உள்ளே இருந்து வாசிக்கக்கூடிய நூலகங்களும் உண்டு. விதிகள் இடத்துக்கிடம் வேறுபடும், போகுமுன் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இனி ஊருக்கு ஒரு வார்த்தை, கோபிக்கக் கூடாது. பெறுபேறு வந்தால் சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், நினைவுச் சின்னம் கொடுக்கிறோம். அந்தச் செலவில் பாதியைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்தால் என்ன? பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் நினைத்தால் மூன்று காரியங்கள் செய்யலாம். விஞ்ஞானக் கலைச்சொல் அகராதி ஒவ்வோர் உயர்தர வகுப்பிலும் இருக்க வேண்டும், தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில். உயர்தரப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது முன்கூட்டியே அனுமதி எடுத்துப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்து. அலுமாரியின் சாவி லாச்சியிலிருந்து வெளியே வர வேண்டும்.

மூன்றாவது காரியத்துக்கு யாரிடமும் காசு கேட்கத் தேவையில்லை. அது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பொறுப்பு. இத்தனை காலமும் நாங்களே அதைச் சரியாகச் செய்யவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

அன்று அந்தப் பிள்ளையை எங்கள் பாடசாலை அலுமாரிக்கு முன்னால் கூட்டிப்போனோம். இலக்கங்களை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, "இரசாயனவியல் புத்தகம் ஒன்றை நீங்களே எடுங்க மகள்" என்றோம். 540ஐத் தேடி ஒரு தடித்த புத்தகத்தை உருவி எடுத்தாள். தூசு தட்டித் திறந்தால் பின்பக்கத்துத் திகதிச் சீட்டில் ஒரு முத்திரையும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் அதை எடுத்ததில்லை.

வாப்பா அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "சேர், சம்மாந்துறை லைப்ரரிய இவக்கு ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பார்க்க ஏலுமா? நான் வெளியால நிக்கிறன்."

கேட்டுப் பார்க்கிறோம் என்றோம். இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் கடிதம் கொடுக்கிறோம்.

விஞ்ஞான பீடங்களில் படித்த, படிக்கிற நமது ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் வருடத்தில் நூலகம் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கும் ஒரு விடயத்தைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, இம்முறை போகும் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்.